தொழில் தொடங்கறது, லைசென்ஸ், போட்டி: வேலூர் பக்கம் அடிக்கடி கேக்கற கேள்விங்க

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு 2019ல மூணா பிரிஞ்ச நம்ம பழைய வேலூர் மாவட்டத்துல கடை, பட்டறை, ஷூ ஜாப் ஒர்க், வண்டின்னு எதையாவது ஆரம்பிக்கணும்னு வர்றவங்க கேக்கற கேள்விங்கதான் இதெல்லாம். சின்ன யூனிட்டுங்களுக்கு பேப்பர் வேலை பாத்துக் குடுக்கறது என் தொழில், அதனால இந்த கேள்விங்கள தினமும் கேக்கறேன். கோர்ட்டு கேஸுன்னு போறவங்க வக்கீலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கேள்வி: சீர்திருத்தம் சீர்திருத்தம்னு சொல்றாங்களே, லைசென்ஸ எல்லாம் எடுத்துட்டு யாரு வேணா என்ன வேணா பண்ணலாம்னு விட்டுடறதா?

அப்படி கிடையாது. ஒரு விதிய பாத்தா முதல்ல கேக்க வேண்டியது, இது யாரை காப்பாத்துதுன்னுதான். கெட்டுப்போன கறிய பிரியாணில போடக்கூடாதுன்னு ஒரு விதி இருந்தா அது சாப்பிடறவங்கள காப்பாத்துது. புதுசா ஒருத்தர் கடை போடணும்னா ஏற்கனவே கடை வெச்சிருக்கறவங்க கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு இருந்தா அது உள்ள இருக்கறவங்கள காப்பாத்துது. முதல் வகைய கெட்டியா வெச்சிக்கணும், முடிஞ்சா இன்னும் கெட்டியாக்கணும், ரெண்டாவது வகைய எடுத்தே ஆகணும். ஆனா ரெண்டாவது வகை விதி எதுவும் அப்படியே வெளிப்படையா வராது, தரம், பாதுகாப்பு, ஒழுங்குன்னு பேர் வெச்சிக்கினுதான் வரும், அதனாலதான் ஒவ்வொண்ணா பிரிச்சி பாக்க வேண்டியிருக்குது.

கேள்வி: நான் கடை வெக்கல, தொழில் பண்ணல, வாங்கறவன்தான். போட்டியால எனக்கு என்ன?

சிஎம்சி ஆஸ்பத்திரிய சுத்தி இருக்கற தெருவுங்கள ஒரு சுத்து போய் பாருங்க. பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ் மேல லாட்ஜ், மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்குல இருந்து வர்ற நோயாளி குடும்பங்க ஒரு எடத்துல ரேட் கேட்டுட்டு புடிக்கலன்னா நாலடி தள்ளி அடுத்த லாட்ஜ்ல கேக்கறாங்க, அதனாலதான் சமையல் பண்ணிக்க அடுப்பு வசதி, பெங்காலி சாப்பாடு, ஹிந்தி தெரிஞ்ச ஆளுன்னு அவனவன் ஒண்ணு ஒண்ணா சேத்துக்கினே போறான். யாரும் இதுக்கு ஆர்டர் போடல. பக்கத்து கதவு தொறந்திருக்குதுங்கற பயம்தான் பண்ண வெக்குது. அந்த கதவு மூடியிருக்கற தொழில்ல விலை ஏறும், மரியாதை குறையும், உங்களுக்கே தெரியும் எந்தெந்த தொழில்னு.

கேள்வி: லைசென்ஸ் ராஜ்தான் 1991லயே முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?

பாதிதான் முடிஞ்சிது. 1951ல வந்த தொழில்கள் சட்டத்துப்படி பெரிய ஃபேக்டரி தொடங்கவோ பெருசு பண்ணவோ டெல்லி லைசென்ஸ் வேணும், 1991 ஜூலை 24 அன்னைக்கு வந்த புது தொழில் கொள்கைல 18 தொழில தவிர மத்ததுக்கெல்லாம் அத எடுத்துட்டாங்க. ஆனா சிறுதொழிலுக்குன்னு ஒதுக்கி வெச்ச பட்டியல்னு ஒண்ணு இருந்துச்சு, அது 1967ல 47 பொருளோட ஆரம்பிச்சி ஒரு கட்டத்துல 800ஐ தாண்டிடுச்சு, அத 1991ல தொடவே இல்ல. தோல் ஷூவும் அந்த பட்டியல்ல இருந்துச்சு.

ஆம்பூர் ஆளுங்களுக்கு இது நல்லா தெரியும். ஷூ கம்பெனி ஒரு அளவுக்கு மேல மிஷின் போட முடியாது, போடணும்னா உற்பத்தில பெரும்பகுதிய ஏற்றுமதி பண்றேன்னு எழுதிக் குடுக்கணும். ஒரே குடும்பம் ரெண்டு மூணு பேர்ல தனித்தனி யூனிட்டா காட்டறதெல்லாம் இந்த மாதிரி வரம்பாலதான் வருது. உள்ளூர் மார்க்கெட்டுக்கு நல்ல தோல் ஷூ பெரிய அளவுல, கம்மி விலைல செய்ய வழியே இல்லாம பண்ணிட்டாங்க. 2001லதான் தோல் பொருள், ஷூ, பொம்மை இதெல்லாம் பட்டியல்ல இருந்து வெளிய வந்துச்சு, கடைசி 20 பொருள் 2015 ஏப்ரல்லதான் போச்சு. சின்னவங்கள காப்பாத்தறேன்னு சொல்லி அவங்கள சின்னவங்களாவே வெச்சிருந்த விதி அது. சின்ன யூனிட்டுக்கு உதவி பண்ணணும்னா கடன், டெஸ்டிங் லேப், நேரத்துக்கு பணம், இதுல பண்ணுங்க. வளரக்கூடாதுன்னு கோடு போடாதீங்க.

கேள்வி: அப்போ தோல் பதனிடற டேனரிங்களுக்கு இருக்கற மாசுக்கட்டுப்பாடு விதியும் தொழிலுக்கு தடைதானே? அதையும் தளர்த்தலாமே?

தளர்த்தவே கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது. நம்ம பாலாறு என்ன ஆச்சுன்னு வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை கிணத்து தண்ணிய குடிச்சி பாத்தவங்களுக்கு தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸுல சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு குடுத்துச்சு, மாசு பண்ணவனே அதுக்கு பணம் கட்டணும்ங்கறது இந்த நாட்டு சட்டத்தோட ஒரு பகுதின்னு சொன்னது நம்ம ஊர் கேஸுலதான். டேனரி ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம், கெடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு கணக்கு போட தனி ஆணையம், சுத்திகரிப்பு நிலையம் வெக்கலன்னா மூடுன்னு உத்தரவு. தீர்ப்புலயே கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பாழாயிடுச்சின்னு எழுதியிருக்குது. அப்பவும் முடியல, 2025 ஜனவரி 30ல திரும்பவும் அதே சுப்ரீம் கோர்ட்டு வேலூர் டேனரி மாசு பத்தி இன்னொரு தீர்ப்பு குடுக்க வேண்டியதா போச்சு.

இதுல போட்டி எங்க வருதுன்னு கேப்பீங்க. ஒருத்தர் காசு செலவு பண்ணி கழிவு தண்ணிய சுத்தம் பண்றாரு, பக்கத்துல இருக்கறவர் ராத்திரில ஓடைல விட்டுடறாரு. ரெண்டு பேரும் ஒரே பையர் கிட்ட விலை சொல்றாங்க. ஜெயிக்கறது யாரு? விதிய எல்லார் மேலயும் ஒரே மாதிரி போடலன்னா நேர்மையா இருக்கறவர்தான் மார்க்கெட்ட விட்டு முதல்ல வெளிய போவாரு. ஆகவே இங்க சீர்திருத்தம்னா அளவுகோல அப்படியே வெச்சிக்கினு, அத அளக்கற வேலைய ஒழுங்கு பண்றது. மீட்டர் போடு, அளவ எல்லாரும் பாக்கற மாதிரி வெளிய போடு, எந்த யூனிட்டுக்கு எப்ப இன்ஸ்பெக்‌ஷன்னு ஒரு ஆள் முடிவு பண்ணாம முறைப்படி வரட்டும். இன்னொரு பக்கம் மாசே பண்ணாத தொழில்காரன எதுக்கு அலைய விடணும்? சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளைன்னு 2016ல பிரிச்சி, வெள்ளை வகைக்கு வாரியத்தோட இசைவாணை தேவையில்லன்னு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது நல்ல சீர்திருத்தம். டேனரி சிவப்பு, அது சிவப்புலயேதான் இருக்கணும்.

கேள்வி: சங்கத்துல சேந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு கடிதம்) வாங்கினாத்தான் ஏஜென்சி எடுக்க முடியும்னு சொல்றாங்க. இது சட்டமா?

சட்டம் இல்ல, சட்டத்துக்கு எதிரானது. இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா அரசாங்கம் போட்ட தடைய விட வியாபாரிங்களே போட்டுக்கற தடைதான் பல ஊர்ல பெருசா இருக்குது, அத யாரும் தடைன்னு கூட நினைக்கறதில்ல, ஊர் வழக்கம்னு விட்டுடறாங்க.

மருந்து மொத்த வியாபாரத்துல இது நாடு முழுக்க ஓடினுச்சு. ஒரு கம்பெனி புதுசா ஸ்டாக்கிஸ்ட், அதாவது தன் சரக்க வாங்கி கடைங்களுக்கு குடுக்கற மொத்த வியாபாரி, போடணும்னா மருந்து வியாபாரிங்க சங்கம் என்ஓசி குடுக்கணும், குடுக்கலன்னா அந்த கம்பெனி சரக்கையே யாரும் தொட மாட்டாங்க. கட்டக்ல இருந்து ஒரு நிறுவனம் போட்ட புகார்ல அகில இந்திய சங்கத்து மேல 2013ல போட்டி ஆணையம் உத்தரவு போட்டுச்சு, என்ஓசி கட்டாயம்னு கேக்கறது போட்டிச் சட்டத்தோட 3ஆவது பிரிவுக்கு எதிரானது, நிறுத்துங்கன்னு அபராதமும் போட்டாங்க. மருந்து ஆயிரக்கணக்குல விக்கற நம்ம ஊருக்கு இது எவ்ளோ முக்கியம்னு யோசிங்க. மருந்து உரிமம் குடுக்க வேண்டியது மருந்து கட்டுப்பாட்டுத் துறை, பார்மசிஸ்ட் இருக்காரா, ஃப்ரிட்ஜ் இருக்குதா, பில்லு ஒழுங்கா இருக்குதான்னு அவங்க பாக்கட்டும், கண்டிப்பா பாக்கணும். இந்த ஊர்ல ஏற்கனவே போதுமான கடை இருக்குது, நீ வராதன்னு சொல்ற உரிமை எந்த சங்கத்துக்கும் கிடையாது.

சங்கமே தப்புன்னு சொல்ல வரல. ஜிஎஸ்டி குழப்பத்துக்கு பேசறது, கரண்ட் கட்டணத்துக்கு மனு குடுக்கறது, உறுப்பினர் குடும்பத்துக்கு உதவறது, எல்லாம் நல்ல வேலை. விலைய எல்லாரும் சேந்து முடிவு பண்றது, ஏரியாவ பங்கு போட்டுக்கறது, பேச்சு கேக்காதவனுக்கு சரக்கு நிறுத்தறது, இந்த மூணும்தான் கோட்ட தாண்டறது.

கேள்வி: அந்த போட்டி ஆணையம்னா என்ன? நம்ம மாதிரி ஆளுங்க போக முடியுமா?

இந்தியப் போட்டி ஆணையம். முன்னாடி 1969ல வந்த எம்ஆர்டிபி சட்டம் இருந்துச்சு, அது பெருசா இருக்கறதையே குத்தமா பாத்துச்சு. 2002ல வந்த போட்டிச் சட்டம் பெருசா இருக்கறது தப்பில்ல, அந்த பலத்த வெச்சி மத்தவன நசுக்கறதுதான் தப்புன்னு மாத்துச்சு. ஆனா அந்த முக்கியமான பிரிவுங்க நடைமுறைக்கு வந்தது 2009 மே மாசம்தான்.

போகலாம், யாரு வேணா தகவல் குடுக்கலாம், கட்டணம் உண்டு, நடந்து மூணு வருஷத்துக்குள்ள குடுக்கணும்னு 2023 திருத்தத்துல வந்திருக்குது, பேர் வெளிய தெரிய வேணாம்னு கேக்கவும் செய்யலாம். மேலோட்டமா பாத்தாலே தப்பு தெரியுதுன்னா விசாரணைக்கு தலைமை இயக்குநர் கிட்ட அனுப்புவாங்க. கூட்டு சேந்து விலை ஏத்தினவங்கள்ல ஒருத்தர் முதல்ல வந்து உண்மைய சொல்லி முழுசா ஒத்துழைச்சா அவருக்கு அபராதம் முழுசா கூட குறையலாம், அதனால கூட்டுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் நம்ப முடியாது, இது ரொம்ப நல்ல ஏற்பாடு.

குறை என்னன்னா நேரம். 11 சிமெண்ட் கம்பெனிங்களுக்கு 2012ல 6,000 கோடிக்கு மேல அபராதம் போட்டாங்க, அப்பீல், திரும்ப விசாரணை, 2016ல மறுபடி உத்தரவு, 2018ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத உறுதி பண்ணுச்சு, அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்டு. இதுக்குள்ள வீடு கட்டினவன் கட்டி முடிச்சி கடனும் அடைச்சிட்டான். அவன் கூடுதலா குடுத்த மூட்டை காசு அவனுக்கு வராது. கேஸ சீக்கிரம் முடிக்கறதுக்கு தீர்ப்பாயத்துல ஆள் போடறதும் சீர்திருத்தம்தான், அத பத்தி யாரும் பேசறதில்ல.

கேள்வி: டெண்டர்ல சிண்டிகேட் போட்டுக்கறாங்க, நம்ம ஃபாரமே உள்ள போக மாட்டேங்குது.

டெண்டர்ல பேசி வெச்சிக்கறது போட்டிச் சட்டத்துல நேரடியா தடை, தமிழ்நாட்டுல 1998ல வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டமும் இருக்குது. ஆன்லைன் டெண்டர் வந்தப்புறம் ஆபீஸ் வாசல்ல ஆள நிறுத்தி ஃபாரம் போட விடாம பண்றது குறைஞ்சிருக்குது. இப்ப தடை வேற ரூபத்துல வருது, மூணு வருஷம் இதே வேலை பண்ணிருக்கணும், இவ்ளோ டர்ன்ஓவர் இருக்கணும்னு நிபந்தனைலயே ஆள வடிகட்டிடறாங்க. பாலம் கட்டறதுக்கு முன்அனுபவம் கேக்கறது நியாயம். நாற்காலி சப்ளைக்கு எதுக்கு?

மத்திய அரசு நிறுவனங்க வாங்கறதுல 25 சதவீதம் குறு, சிறு யூனிட்டுங்க கிட்ட வாங்கணும்னு விதி இருக்குது, முன்வைப்புத் தொகையும் கட்ட வேணாம். ராணிப்பேட்டை பெல்லும் மத்திய அரசு நிறுவனம்தான், சிப்காட்ல ஃபேப்ரிகேஷன் யூனிட் வெச்சிருக்கறவங்க இத கேட்டு வாங்குங்க.

கேள்வி: எங்க ஊருக்கு ஒரே ஒரு பஸ். இன்னொருத்தர் விட தயாரா இருக்காரு, பர்மிட் கிடைக்கல. ஏன்?

பஸ்தான் இதுல எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா காலைல ஸ்கூலுக்கு போற பொண்ணு படிக்கட்டுல தொங்கினு போறது ஒரு விதியால. 1939 மோட்டார் வாகன சட்டத்துல புது பர்மிட் கேட்டா ஏற்கனவே ஓட்டறவங்க ஆட்சேபணை சொல்லலாம், கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும். 1988 மோட்டார் வாகன சட்டம் அத தாராளமாக்குச்சு. புதுசா பர்மிட் குடுத்தா எங்க வருமானம் குறையும்னு பழைய ஓனருங்க போட்ட கேஸ, போட்டி வரக்கூடாதுன்னு கேக்கற உரிமை உங்களுக்கு கிடையாதுன்னு சொல்லி 1990களோட தொடக்கத்துல சுப்ரீம் கோர்ட்டே தள்ளிடுச்சு. ஆனா அதே சட்டத்தோட 6ஆவது அத்தியாயத்துல, ஒரு ரூட்ட அரசு கழகத்துக்குன்னு மாநிலம் ஒதுக்கிக்கலாம்னும் இருக்குது, தமிழ்நாட்டுல நிறைய ரூட்டு அப்படி ஒதுக்கினது. அதனால கதவு ஒரு பக்கம் தொறந்து ஒரு பக்கம் மூடி இருக்குது.

மினி பஸ் திட்டம் 1997ல வந்துச்சு, ஆனா பஸ் ஓடற ரோட்ல கொஞ்ச தூரம்தான் ஓடலாம்னு வெச்சதால டவுனுக்குள்ள வர முடியாம பல பேர் நஷ்டத்துல நிறுத்திட்டாங்க. ஊர் ஜனம் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும், நடு வழில எறக்கி விட்டா யாரு ஏறுவாங்க? 2025 ஜூன்ல நடைமுறைக்கு வந்த புது திட்டத்துல தூரத்த 25 கிலோமீட்டர் வரைக்கும் ஏத்தியிருக்காங்க. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் மலை ஓரத்து ஊருங்களுக்கு இது கை குடுக்கும்னு நம்பறேன்.

ஒண்ண சேத்து சொல்லணும். 2021ல இருந்து அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு இலவசம், அது அருமையான திட்டம், வேலைக்கு போற எத்தனையோ அம்மாக்களுக்கு கைல காசு நிக்குது. அந்த கட்டணத்த அரசு கழகத்துக்கு அரசாங்கம் குடுக்குது, தனியார் பஸ்ஸுக்கு குடுக்கறதில்ல. அரசு பஸ்ஸே போகாத ஊர்ல மினி பஸ்ஸுலயும் பெண்கள் இலவசமா போய் அரசாங்கம் அந்த காச ஓனருக்கு குடுத்தா, திட்டமும் அந்த ஊருக்கு போய் சேரும், ஓட்டறவரும் தாக்குப் பிடிப்பாரு.

கேள்வி: விவசாயிக்கு இதுல என்ன இருக்குது?

வாங்கறவன் எத்தனை பேருங்கறதுதான் விவசாயிக்கு போட்டி. மல்லாட்டை மூட்டைய ஏத்திக்கினு போறவர் முன்பணம் வாங்கின மண்டிக்குத்தான் போட்டாகணும்னா அங்க சொல்றதுதான் விலை, கமிஷனும் விவசாயி கணக்குலயே போகும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஏலம் விட்டா வியாபாரிங்க நாலு பேர் விலை கேக்கணும், 2016ல இருந்து இ-நாம்ங்கற ஆன்லைன் சந்தைல வெளியூர்க்காரரும் கேக்கலாம். ஏலத்துக்கு வர்ற நாலு பேரும் வெளில டீக்கடைல பேசி வெச்சிக்கினு வந்தா அதுவும் வீண், அதனால வெளியூர் ஆள் உள்ள வர்றது முக்கியம். 1999ல ஆரம்பிச்ச உழவர் சந்தை இன்னொரு வழி, காட்பாடி, வேலூர் சந்தைல இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய விவசாயியே உக்காந்து விக்கறாரு, கமிஷன் கிடையாது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின காய் அது, அந்த பேருக்கான காசு கொஞ்சமாவது தோட்டத்துக்கு போகணும்.

கேள்வி: ஆன்லைன் கம்பெனிங்க நஷ்டத்துக்கு வித்து மளிகைக் கடைய காலி பண்றாங்க. அத தடுக்கறது போட்டிக்கு எதிரா?

கம்மி விலைக்கு விக்கறது தப்பில்ல. ஆனா மார்க்கெட்டையே கைல வெச்சிருக்கறவன், மத்தவன வெளிய தள்ளறதுக்காக அடக்க விலைக்கும் கீழ வித்தா அது போட்டிச் சட்டத்தோட 4ஆவது பிரிவுல தப்பு. அவன் மார்க்கெட்ட கைல வெச்சிருக்கான்னு முதல்ல நிரூபிக்கணும், அங்கதான் பல புகார் நிக்குது. ரெண்டு மூணு கம்பெனி சண்டை போட்டுக்கினு நஷ்டத்துக்கு விக்கும்போது யாரும் தனியா ஆதிக்கம் இல்லன்னு ஆயிடுது, இந்த ஓட்டைய அடைக்கணும்ங்கறது என் கருத்து. பெரிய ஆள தொடவே முடியாதுன்னு இல்ல, ஆண்ட்ராய்டு விஷயத்துல கூகுளுக்கு 2022 அக்டோபர்ல 1,337.76 கோடி அபராதம் போட்டாங்க, 2023ல தீர்ப்பாயமும் அந்த தொகைய உறுதி பண்ணுச்சு. அதே சமயம் லாங் பஜார் கடைக்காரர காப்பாத்தறேன்னு வாங்கறவங்களுக்கு விலை ஏத்தற மாதிரி தடை கேட்டா அதையும் நான் ஏத்துக்க மாட்டேன்.

கேள்வி: ஜாப் ஒர்க் பண்ணிக் குடுத்து ஆறு மாசமா பணம் வரல. இதுக்கும் போட்டிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்குது. பெரிய ஆள் உங்க பணத்துல வட்டி இல்லாம தொழில் பண்றாரு, நீங்க கந்து வட்டி வாங்கி கூலி குடுக்கறீங்க, அப்பறம் அவர் கூட எப்படி போட்டி போடுவீங்க? 2006ல வந்த குறு, சிறு, நடுத்தர தொழில் சட்டத்துப்படி குறு, சிறு யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் வரணும், எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்தான், தாண்டினா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்துக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. வருமான வரிலயும் ஒரு விதி வந்திருக்குது, இந்த கெடுவுக்குள்ள குடுக்காத தொகைய அவங்க அந்த வருஷ செலவா காட்ட முடியாது, குடுத்த வருஷம்தான் காட்டலாம். புகார் குடுக்க பயப்படறாங்க, அடுத்த ஆர்டர் வராதேன்னு. அந்த பயம் நியாயமானது. வாங்கறவங்க நாலு பேரா இருந்தா அந்த பயமே பாதி குறையும்.

ஒண்ணு கவனிங்க, உத்யம்னு குறு, சிறு, நடுத்தர தொழிலுக்கான மத்திய அரசு பதிவு இருக்கணும், வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே இருக்கணும். சரக்கு வாங்கி விக்கற வியாபாரிக்கு உத்யம் கிடைச்சாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது, அவருக்கு பேங்க் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான்.

கேள்வி: எல்லா அனுமதிக்கும் ஒற்றைச் சாளரம் வந்தாச்சே, இன்னும் ஏன் அலைச்சல்?

தமிழ்நாடு தொழில் எளிமையாக்கல் சட்டம் 2018ல வந்துச்சு, எந்த அனுமதிக்கு எத்தனை நாள்னு கெடு இருக்குது. பெரிய முதலீடு வந்தா எல்லா கதவும் தொறக்குது, பத்து லட்சம் போட்டு பட்டறை வெக்கறவருக்குத்தான் "ஆன்லைன்ல போட்டாச்சா? நேர்ல ஒரு காப்பி கொண்டு வாங்க"ன்னு பதில். ஆன்லைன்ல போட்டதே போதும், அதுதான் சட்டத்தோட நோக்கமும். நிராகரிச்சா காரணத்த எழுத்துல கேளுங்க. ஒரே தடவைல எல்லா குறையும் சொல்லணும், வாரம் ஒரு குறை சொல்லக்கூடாதுன்னு ஒரே ஒரு விதிய ஒழுங்கா அமல் பண்ணாலே நம்ம பக்கம் தொழில் தொடங்கறவங்க எண்ணிக்கை கூடும்னு உறுதியா சொல்வேன்.

கேள்வி: சின்ன தப்புக்கெல்லாம் ஜெயில்னு பயமா இருக்குதே?

2023ல வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்திய சட்டத்துல 183 பிரிவுல தண்டனைய மாத்துச்சு, பலதுல ஜெயில எடுத்துட்டு அபராதம் ஆக்கினாங்க. உயிருக்கு ஆபத்து, விஷக்கழிவு மாதிரி விஷயத்துல தண்டனை குறையக்கூடாதுங்கறதுல மட்டும் நாம உஷாரா இருக்கணும்.

கேள்வி: ரோட்டோர கடைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். 2014 தெரு வியாபாரிகள் சட்டத்துல நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு, அதுல 40 சதவீதம் தெரு வியாபாரிங்களே தேர்தல்ல ஜெயிச்சி வரணும். கணக்கெடுத்து சான்று குடுக்கறதுக்கு முன்னாடி யாரையும் காலி பண்ணக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்குது. கணக்கெடுப்புல உங்க பேர் இருக்குதான்னு மாநகராட்சில கேட்டு பாத்துக்கோங்க.

கேள்வி: உத்யம் எடுக்க 3,000 ரூபாய் கேக்கறாங்க, குடுக்கலாமா அண்ணா?

குடுக்காதீங்க. அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும், அரசாங்க சைட்டுல நீங்களே போட்டுக்கலாம். அதே மாதிரி பேர் வெச்சி காசு கேக்கற சைட்டுங்க நிறைய இருக்குது, முகவரி கடைசில gov.in-னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க. போட தெரியலன்னா மாவட்ட தொழில் மையத்துல கேட்டா சொல்லித் தருவாங்க.